நான் பிரித்த ஆறு ஜாக்கெட்டுகள்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சருக்கு, பாடம் முடிந்த பிறகும் எங்களைச் சும்மா உட்காரவைக்க மனசு வராது. ஒருநாள் மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் தினமும் காதில் விழும் ஆங்கில வார்த்தை ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை யார், எப்போது, எதற்குச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பத்து வாக்கியம் எழுதி வர வேண்டும். மற்ற பிள்ளைகள் லைட், ஃபேன், டீ என்று அன்று சாயங்காலமே முடித்துவிட்டார்கள். எனக்கு அப்போதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் உண்டு. நான் ‘அட்ஜஸ்ட்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அதைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அப்பா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்கு அவர் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்வார் என்று எண்ணப் போய் ஒரே டிரிப்பில் ஓய்ந்துவிட்டேன். “உள்ள அம்புட்டு எடம் கெடக்கு, செத்த அட்ஜஸ்ட் பண்ணி நில்லுங்கப்பா” என்பார். அவர் சொல்கிற அம்புட்டு இடம் எங்கே இருக்கிறது என்று அந்த பஸ்ஸில் போன யாரும் கண்டுபிடித்ததில்லை. அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது என்று யார் வந்து நின்றாலும் “குடுங்க, அட்ஜஸ்ட் பண்ணிருவோம்” என்று வாங்கி வைத்துக்கொள்வாள். எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் ஏறி டிவி குடையை அட்ஜஸ்ட் செய்தார். திடீரென்று ஆள் வந்துவிட்டால் அம்மா சாம்பாரில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு அட்ஜஸ்ட் செய்தாள். வகுப்பில் மூன்று பேர் பெஞ்சில் நாலு பேர் அட்ஜஸ்ட் செய்து உட்கார்ந்திருந்தோம்.

ஒரே வாரத்தில் ஏழு வாக்கியம் சேர்ந்துவிட்டது. குழப்பமும் கூடவே சேர்ந்தது. பள்ளிக்கூடத்து அகராதியில் ‘சரிசெய்தல்’ என்று போட்டிருந்தது. அப்பாவின் பஸ்ஸில் எதுவும் சரியாகி நான் பார்த்ததில்லை. சாம்பாரும் தண்ணீர் விட்ட பிறகு முன்னைவிட மோசமாகத்தான் இருந்தது.

எட்டாவது வாக்கியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனிலிருந்து கிடைத்தது.

அம்மாவுக்கு ஒரே தங்கை, என் சித்தி. அவர்களுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் காலமாகிவிட்டதால் சித்தி எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அந்தத் தை மாதம்தான் அம்மா தன் வளையலைக் கழற்றிக் கொடுத்து, ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். தானே தேடிப் பிடித்த சம்பந்தம் என்று அம்மாவுக்கு அதில் பெருமை. தெருவில் யார் கேட்டாலும், அந்தப் பக்கத்து ஆட்கள் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டு எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று சொல்லி மாய்ந்துபோவாள். ஒவ்வொரு ஞாயிறும் சித்தி போன் செய்வாள். அந்தப் பக்கம் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குக் கேட்காது. இந்தப் பக்கம் அம்மா மிஷினை நிறுத்தாமலே, “எல்லா வீட்டுலயும் உள்ளதுதாண்டி. புதுசுல அப்படித்தான் இருக்கும். நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்” என்பாள். போனை வைத்த பிறகு செத்த நேரம் மிஷின் வேகமாக ஓடும்.

நான் நோட்டில் ‘மை ஆன்ட் மஸ்ட் அட்ஜஸ்ட்’ என்று எழுதிக்கொண்டேன். எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ள, “சித்தி எதை அட்ஜஸ்ட் பண்ணணும்?” என்று அம்மாவிடம் கேட்டேன். “பெரிய மனுஷி, போய்ப் பாபினுக்கு நூலைச் சுத்து” என்றாள். டீச்சரும் இடையில் ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மற்ற ஏழுக்கும் டிக் போட்டு, அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ‘எதை?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். டீச்சருக்கும் தெரியாத ஒன்றை நான் எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

ஆடி பிறக்கும் முன்பு அப்பாவும் அம்மாவும் போய்ச் சித்தியை அழைத்து வந்தார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப்போவார்கள். சித்தி வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பையை வைத்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். எப்போதும் மெத்தென்று இருக்கும் அவள் தோள் என் கன்னத்தில் குத்தியது. “பயணம் வந்த அலுப்பு” என்று அம்மா சொன்னாள். மறுநாள் காலையில் சித்தி ஏழு இட்லி சாப்பிட்டாள். நிமிராமல், வேகவேகமாக, தட்டை யாரோ எடுத்துவிடப் போகிறார்கள் என்பது மாதிரி சாப்பிட்டாள். நான் விரல்விட்டு எண்ணிச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். சித்தி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். இட்லி எண்ணியதற்கு அதற்கு முன்னால் எனக்கு அடி விழுந்ததில்லை.

இங்கே எங்கள் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா ஜாக்கெட் தைத்தால் பக்கவாட்டில் உள்ளே கொஞ்சம் துணியை மடித்துவிட்டு, ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தையல் போடுவாள். உடம்பு போட்டால் உடம்பை ஒட்டிய தையலைப் பிரித்துவிட்டால் போதும், ஜாக்கெட் அடுத்த தையல்வரை விரிந்துகொடுக்கும். கல்யாண ஜாக்கெட்டில் மூன்றும் கட்டாயம் உண்டு. ஏனென்றால் கல்யாணமான பெண்கள் ஆறே மாதத்தில் திரும்பி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே ஜாக்கெட் பையை நீட்டுவார்கள். “என்னடி, மாமியா கைப்பக்குவம் ஒத்துக்கிருச்சு போல” என்று அம்மா கேலி செய்வாள். பிரிப்பது என் வேலை. பாதி பிளேடை வைத்துக்கொண்டு, துணியில் ஒரு கீறல் விழாமல், நாலு நாலு தையலாக அறுத்து இழுக்க எனக்கு அந்த வயசிலேயே தெரியும். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் புதுப்பெண்ணின் ஜாக்கெட்டும் வேறு எதற்காகவும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே சித்தியின் பையில் கல்யாண ஜாக்கெட்டுகள் ஆறும் இருந்ததைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. சித்தி குளிக்கப் போயிருந்தாள். அம்மா பள்ளிச் சீருடைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் இரண்டு பக்கமும் உள்ளே ஊக்கு குத்தியிருந்தது. பாவம், இறுக்கத்தில் தையல் விட்டுப்போய் ஊக்கு குத்தி ஒப்பேற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தையல் எங்கேயும் விடவில்லை என்பதைப் பார்த்தேன்தான். பார்த்தும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு ஊக்குகளையும் கழற்றிப் பட்டன் டப்பாவில் போட்டேன். இரண்டு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் ஒளிந்து உட்கார்ந்து ஆறையும் பிரித்தேன். மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். யாரும் சொல்லாமல் செய்த வேலை என்பதால் ஆச்சரியப்படுத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அந்த மூன்று நாள்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. அம்மன் கோவிலுக்குக் கூழ் ஊற்றப் போக எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அதுவரை வீட்டில் நைட்டியோடே இருந்த சித்தியை, “அந்த அரக்குப் பட்டைக் கட்டுடி” என்று அம்மா விரட்டினாள். சித்தி உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. ஊக்கு எங்கே என்று ஒருமுறை குரல் மட்டும் வந்தது. பிறகு முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். அம்மாவுக்கு ஒழுங்கில்லாமல் கட்டின சேலையைப் பார்த்தால் கை அரிக்கும். “என்னடி இது, கிழவி மாதிரி” என்று முந்தானையை எடுத்து மடிப்பு வைக்கப் போனாள்.

ஜாக்கெட் ஒரு தோளிலிருந்து வழிந்து முழங்கை வரைக்கும் இறங்கியது.

சித்தி இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள். கழுத்தெலும்புக்கு மேல் ஒரு கை அரிசி கொள்ளும் அளவுக்குக் குழி இருந்தது. நான் பயந்துபோனேன். என் வேலைதான் இது, அளவைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவின் வாயில் கடித்திருந்த ஊக்கு கீழே விழுந்தது.

“டேப்பை எடுத்துட்டு வா” என்றாள் என்னிடம். “அளவு நோட்டையும்.”

அம்மா சித்தியை அளந்தாள். தை மாதத்துப் பக்கத்தில் மார்பு முப்பத்தி நாலு என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. டேப்பில் முப்பது காட்டியது. அம்மா நம்பாமல் திரும்பவும் சுற்றிப் பார்த்தாள். மூன்றாம் தடவை சுற்றியபோதும் முப்பதுதான். “எம்புட்டு நாளா ஊக்குக் குத்திக்கிட்டிருக்க?” என்று கேட்டாள். “பங்குனியிலருந்து” என்றாள் சித்தி. “ஏண்டி எங்கிட்டச் சொல்லல?” என்று அம்மா கத்தினாள். சித்தி மெதுவாக, “வாரா வாரம் சொன்னேனேக்கா” என்றாள்.

கூழ் ஊற்றப் போகவில்லை. அம்மா மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். எனக்குப் பெரிய அடி காத்திருக்கிறது என்று நான் பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்டேன். யாரும் தேடி வரவில்லை. பசி தாங்காமல் நானாக வெளியே வந்தபோது, அம்மா சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தண்டனை என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம் தவித்தேன்.

அந்த இரண்டு வாரத்திலும் ஞாயிறு வந்தது, போனது. அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. சாம்பாருக்குக்கூடச் சொல்லவில்லை. நோட்டில் ஒன்பதாவது வாக்கியம் எழுத இடம் காலியாகக் கிடந்தது.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் அவர்கள் வந்தார்கள். சித்தப்பா, அவருடைய அம்மா, கல்யாணத்தைப் பேசி முடித்த அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஒரு சாக்கு நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். “கண்ணு நல்லாப் படிக்கிறியா?” என்று என்னைக்கூட அந்தப் பாட்டியம்மா கேட்டார். நல்ல மனுஷி என்று தோன்றியது. இப்போது நினைத்தாலும் கெட்ட மனுஷி என்று சொல்ல வரவில்லை, அதுதான் கஷ்டம்.

“நல்ல நேரத்துல கிளம்பிட்டாத் தேவலைங்க” என்றார் பெரியவர். அம்மா, “அவ வரல” என்றாள். அப்பா தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே, “ஏனுங்க, சின்னஞ்சிறுசுக. புதுசுல முன்னப்பின்ன இருக்கத்தானுங்க செய்யும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போனா எல்லாம் சரியாயிடுமுங்க” என்றார்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்த அரக்கு ஜாக்கெட்டும் அளவு நோட்டும் இருந்தன. அம்மா ஜாக்கெட்டைப் பாட்டியம்மாவின் மடியில் விரித்தாள். “இது நான் தைச்சது. இது தை மாசத்து அளவு. இது ஆடி மாசத்து அளவு. நீங்களே பாருங்க” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அம்மா என் குட்டை உடைக்கிறாள் என்று நான் நினைத்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் சித்தி கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் செய்த தப்புக்கு அவளைத் திட்டப் போகிறார்கள் என்று பட்டது. நான் நடுவில் போய் நின்று, “சித்தி ஒண்ணும் பண்ணல. நாந்தான் பிரிச்சேன். ஆறையும் நாந்தான் பிரிச்சேன். ஊக்கையும் நாந்தான் எடுத்தேன்” என்று ஒப்பாரி வைத்தேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. சித்தப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டியம்மா ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, ஊக்கு குத்திக் குத்தித் துணியில் விழுந்திருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். “சோத்துக்கு நாங்க என்னங்க கொறை வெச்சோம்?” என்றார். “ஆம்பளைங்க, மண்டி ஆளுங்க, எல்லாரும் உண்டு முடிச்சு மிச்சம் இருக்கறதைப் பொம்பளைங்க உண்கறதுதானுங்களே வழக்கம்? நானும் அப்பிடி வந்தவதானுங்க.”

“மிச்சம் இருந்துச்சான்னு ஒருநா யாராச்சும் சட்டியைத் திறந்து பாத்தீங்களா?” என்றாள் அம்மா. பிறகு, “நானும் பாக்கலியே” என்றாள்.

அவர்கள் போன பிறகு காய்கறிச் சாக்கு வாசலிலேயே கிடந்தது. சித்தி போகவில்லை. அம்மா அப்பாவிடம், இருப்பது ஒரு ரூமும் ஒரு ஹாலும், மிஷின் வேறு பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஊர் என்ன பேசும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மத்தியான டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “அந்த டப்பா பஸ்ஸுல அறுவது பேரை ஏத்துறேன். வீட்டுல நாலு பேருக்கு எடம் பத்தாதா? நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கிருவோம், நீ கம்முனு இரு” என்றார். நான் ஓடிப்போய் அதை ஒன்பதாவது வாக்கியமாக எழுதிக்கொண்டேன். எழுதும்போது அவர் பஸ்ஸில் சொல்வதற்கும் இதற்கும் ஏதோ வித்தியாசம் இருப்பதாகத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. பத்தாவது வாக்கியம் கிடைக்கவே இல்லை. டீச்சர் ஒன்பதுக்குத்தான் மார்க் போட்டார். ‘எதை?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் நான் ‘ஜாக்கெட்’ என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு டிக் போட்டார்.

என் கணக்குப்படி, ஜாக்கெட்டுகள் தயாராக இல்லாததால்தான் சித்தி போகவில்லை. போட்டுக்கொள்ள ஜாக்கெட் இல்லாமல் ஒருத்தி எப்படிப் புருஷன் வீட்டுக்குப் போவாள்? அவள் வாழ்க்கையை என் பாதி பிளேடு கெடுத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். சித்தப்பா இரண்டு முறை தனியாக வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் அந்தப் பையை எடுத்து, ஊசியில் நூல் கோத்து, நான் பிரித்த இடத்தில் கையாலேயே தைக்க ஆரம்பித்தேன். சித்தி வந்து பார்த்தாள். ஊசியைப் பிடுங்கி என் சட்டைக் காலரில் குத்திவிட்டு, “அது அப்படியே இருக்கட்டும்டி” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்தி திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வந்து அம்மாவோடு உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டினாள். ராத்திரி நாங்கள் நாலு பேரும் ஒரே வரிசையில் படுத்தோம், மிஷினுக்கடியில் அப்பாவின் கால்.

அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் பொங்கலன்று நடந்தது இது. எல்லோரும் குளித்து முடித்துக் கிளம்பும் நேரத்தில் சித்தி அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதே ஜாக்கெட். நான் பிரித்தது பிரித்தபடி. ஓர் ஊக்குகூட இல்லாமல் தோளிலும் இடுப்பிலும் சிக்கென்று உட்கார்ந்திருந்தது. அம்மா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கேயாவது இழுக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு வருஷமாக நான் குற்றவாளியாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன். “பாத்தியா! நான் சரியாத்தான் பிரிச்சிருக்கேன். அளவு சரியாத்தான இருக்கு? இதுக்குப் போயி அன்னைக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டு வச்சு அழுதீங்க!” என்று கத்தினேன்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மிஷின் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சித்தி குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் தோள் பழையபடி மெத்தென்று இருந்தது. ஒரு ஜாக்கெட் அளவாக இருப்பதற்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவே இல்லை. மீதி ஐந்தையும் போட்டுப் பார்த்துவிடச் சொல்லி நான் சித்தியை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.